ஹம்பி, ஆனெகுந்தியில் மவுன்டன் பைக்: முள்ளும் மணலும்

துங்கபத்திரைக் கரையில் பாறையைவிட முள்தான் தொல்லை. உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டுவிடுங்கள். 29 அங்குல வீல், 2.2 அங்குல டயர் ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). வெயிலில் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்தில் பாருங்கள். 70 கிலோ எடைக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும்.

குத்திய முள்ளை வழியில் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பு. டியூப் என்றால் கதை வேறு: புதிது மாட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள், சிக்குமிடத்தில் முள்நுனி இருக்கும். விட்டால் பத்தே நிமிடத்தில் மறுபடி பஞ்சர்.

மணலில் கியரைக் குறைத்து, எடையைப் பின்தள்ளி, நிற்காமல் மிதியுங்கள். முன்பிரேக் பிடித்தால் விழுவீர்கள்.

அணை திறந்தால் ஆற்றைக் கடக்கும் பரிசல் ஓடாது, கிளம்புமுன் விசாரியுங்கள். மண்டபப் படிகளில் ஓட்டுவது திறமையல்ல, அநியாயம்.