ஸ்லரியைக் காசாக்கணுமா? முதல்ல தண்ணியைப் பிரிங்க

கோபர் கேஸ் தொட்டியில இருந்து வர்ற ஸ்லரியில பத்துல ஒன்பது பங்குக்கு மேல தண்ணிதான். கொடைக்கானல் மேல்மலையில இருக்கிற பூம்பாறையில இருந்து அதை அப்படியே வண்டியில ஏத்தினா வாடகைக்கே பத்தாது. மேல்மலைக்காரங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: கெட்டியை மண்புழு எருவாக்கிக் கொடைக்கானலுக்கு அனுப்புங்க, தண்ணியைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வித்துடுங்க.

பிரிக்க மெஷின் எதுவும் வேண்டாம். சரிவுல ஒரு தொட்டி. அடியில ஜல்லி, மேல ஒரு சாண் கனத்துக்குக் காய்ஞ்ச புல்லும் பீன்ஸ் கொடியும். அதுல ஸ்லரியை ஊத்தினா தண்ணி வடிஞ்சு கீழ்க்குழிக்குப் போயிடும். மேல தகரக் கூரை கட்டாயம். மழைக்கு மட்டுமில்ல, வெயிலுக்கும்தான்: ஸ்லரியில தழைச்சத்து பாதிக்குப் பாதி அம்மோனியாவா இருக்கும், வெயில்ல பரப்பினா காத்தோட போயிடும்.

வடிஞ்ச கெட்டியை ஒரு கை அள்ளிப் பிழிஞ்சு பாருங்க. விரலிடுக்குல சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாகணும். அந்தப் பதத்துல காய்ஞ்ச புல்லோட கலந்து நிழல்ல குவிச்சு, ரெண்டு வாரம் புரட்டிப் போடுங்க. தைலமர இலை சேர்க்காதீங்க. பூண்டுத்தாளும் கூடாது, 2019-ல புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டா இருந்தாலும் புழுவுக்கு அந்தக் காரம் ஆகாது.

அப்புறமும் மொத்தப் புழுவையும் கொட்டிடாதீங்க. கொஞ்சம் புழுவை மேல விட்டுப் பாருங்க. உள்ளே இறங்கினா சரி. ஓரத்துக்கு ஊர்ந்து ஓடினா அம்மோனியா இன்னும் அடங்கலை. மார்கழி, தை உறைபனிக்குப் படுக்கை மேல சாக்கு போடுங்க. கீழ்நாட்டுல ரெண்டு மாசத்துல ஆகிற எரு இங்க மூணு மாசம் இழுக்கும்.

நர்சரிக்காரங்களுக்கு 4 மி.மீ. சல்லடையில சலிச்சுக் கொடுங்க. தோட்ட மண் கலந்து தொட்டிச் செடிக்குன்னு கொடுத்தா விலை இன்னும் கூடும். பையில 'உரம்'னு அச்சடிச்சுக் கடைக்கு அனுப்பறதா இருந்தா 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை குறுக்கே வரும். முதல்ல வேளாண்மை அலுவலகத்துல கேட்டுக்குங்க.

குழித் தண்ணியைத் துணியில வடிகட்டி, பத்துப் பங்கு நல்ல தண்ணி கலந்து வேர்ல ஊத்தலாம். இந்தக் குளிர்ல எல்லாக் கிருமியும் செத்திருக்காது. அதனால கேரட், முள்ளங்கி மாதிரி பச்சையா திங்கிறதுக்கு அறுவடை நெருக்கத்துல விட வேண்டாம்னு வாங்கறவங்ககிட்ட சொல்லிடுங்க. கேன் மூடியை இறுக்கித் திருகவும் விடாதீங்க. உள்ளே இன்னும் கேஸ் கிளம்பும், கேன் வீங்கிடும். கேன் நான் கொடுக்கறதில்ல, அவங்கவங்க கொண்டு வந்து பிடிச்சுக்கணும்.