நாய்க்கு மூளைப் பயிற்சி: நாம் செய்யும் தவறுகள்

சொட்டுநீர்க் குழாயை நாய் கடித்து வைத்துவிட்டது என்ற புலம்பல் கொங்குப் பக்கத் தோட்டங்களில் புதிதல்ல. எங்கள் மணி ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் கடித்தான். கோபத்தில் அவனைப் பகல் முழுக்கக் கட்டிப்போட்டேன். முதல் தவறு அதுதான். அவிழ்த்துவிட்ட அன்றைக்கே நாலாவது இடத்தையும் கடித்தான்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஆடு வைத்திருப்பவர். "ஏந்தம்பி, ஒரு வேலையுங் குடுக்காம கட்டிப்போட்டா அது என்ன பண்ணுமுங்க?" என்றார். அவருடைய பட்டி நாய் காலையில் ஆட்டுக்குப் பின்னால் கொறங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் காட்டுக்குப் போகும். கிளுவை வேலி ஓரமெல்லாம் மோந்து பார்க்கும், மயிலை விரட்டும், ராத்திரி பட்டிக்குக் காவல் இருக்கும். அதற்குத் தனியாக மூளைப் பயிற்சி எதற்கு? நம் நாய்க்கோ காம்பவுண்டுச் சுவர், கேட்டு, சங்கிலி. கோவை, திருப்பூரில் அபார்ட்மெண்ட் நாய் என்றால் ஒரு பால்கனி, அவ்வளவுதான்.

ஓட வைத்துக் களைப்பாக்கினால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. பைக்கில் போய்க்கொண்டே கயிற்றைப் பிடித்து நாயை ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. ஆபத்தான வேலை, அதை விட்டுவிடுங்கள். ஓட்டம் நாய்க்குத் தேவைதான். ஆனால் ஓடிப் பழகப் பழகத் தெம்பும் கூடும். இந்த மாதம் இரண்டு கிலோமீட்டரில் அடங்கிய நாய் அடுத்த மாதம் நாலு கேட்கும். வீட்டுக்கு வந்து தண்ணி குடித்துவிட்டுச் செருப்பையும் கடிக்கும். காலுக்கு மட்டுமல்ல, மூளைக்கும் வேலை வேண்டும்.

நடைக்குப் போகும்போது நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. நாய் ஒரு கம்பத்தடியில் நின்று மோந்தால் உடனே கயிற்றைச் சுண்டி இழுக்கிறோம். மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 12 கோடியிலிருந்து 30 கோடி வரை சொல்கிறார்கள். மூச்சை வெளியே விடும்போதுகூட அதன் மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் காற்று போய்விடும், அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மணி மேற்கே மூக்கை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். சும்மா இருக்கிறான் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது இருபது நிமிட நடையில் பத்து நிமிடம் அவனுடையது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் மோப்பது எல்லாம் அவன் இஷ்டம். புதருக்குள் மட்டும் தலையை விட அனுமதிப்பதில்லை, கண்ணாடி விரியன் பயம். சித்திரை வெயிலில் தார் ரோடும் வேண்டாம். உங்கள் புறங்கையை ஏழு விநாடி ரோட்டில் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

சாப்பாட்டுக்கு வருவோம். தட்டில் கொட்டினால் அரை நிமிடத்தில் காலி. கடையில் வாங்கும் உலர் தீனி என்றால் ஒரு பிடியைப் புல்லில் தூவிவிட்டுத் தேட விடலாம். சோளத்தட்டுப் போர், விறகுக் குவியல் பக்கம் மட்டும் தூவாதீர்கள், பூச்சி பொட்டு இருக்கும். கறித்தண்ணி ஊற்றிய சோற்றை எப்படித் தூவுவது? அதை இட்லித் தட்டின் குழிகளில் அமுக்கி வைத்தால் நக்கி நக்கி எடுக்க நேரமாகும். (நாய்க்கென்று தனித் தட்டு வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் வீட்டில் பட்ட பாடு தனிக்கதை.)

மணிக்கு ரொம்பப் பிடித்தது தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி) விளையாட்டு. மூன்று தொட்டிகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் தின்பண்டம் வைத்து, எதில் இருக்கிறது என்று மோந்து கண்டுபிடிக்க விடுவது. இதிலும் சொதப்பினேன். முதல் நாளே மூன்றையும் கவிழ்த்து வைத்தேன். அவனுக்குப் புரியவில்லை, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொட்டியையே கடித்து உடைக்கப் பார்த்தான். கண் முன்னால் ஒரே தொட்டியில், பாதி தெரிகிற மாதிரி வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நாலைந்து நாள் ஜெயித்த பிறகு இரண்டு, அப்புறம் மூன்று. கண்டுபிடிக்கத் திணறினால் திட்டாமல் சுலபமாக்குங்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும், ஆசை மிச்சம் இருக்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். தொட்டியின் ஓரத்தைத் தேய்த்து மழுக்கியிருப்பதும் முக்கியம். இரண்டு நாய் இருந்தால் தனித்தனியாக விளையாட விடுங்கள், இல்லாவிட்டால் சண்டை நிச்சயம்.

விளையாட்டுத் தீனியைச் சாப்பாட்டோடு கூடுதலாகக் கொடுத்தால் நாய் குண்டாகிவிடும். அன்றாடத் தீனியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தனித் தின்பண்டம் என்றால் ஒரு நாள் உணவுச் சத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். நம் பக்கம் மக்காச்சோளம் அதிகம், முத்து உதிர்த்த கட்டையைக் கடிக்கப் போட்டால் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். மாங்கொட்டைக்கும் அதே கதைதான்.

தேர்த் திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கிவரும் லேசர் விளக்கை நாயிடம் காட்ட விடாதீர்கள். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்தித் துரத்தி, விளக்கு இல்லாதபோதும் நிழலையும் வெளிச்சத்தையும் விரட்டும் கிறுக்கு சில நாய்களுக்குப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நிறுத்துவது சிரமம்.

வார்த்தைக் குழப்பமும் உண்டு. மகன் "சிட்" என்பான், அம்மிச்சி (அம்மாவின் அம்மா) "உக்காரு சாமி" என்பார், நான் "ஒக்காருடா". மூன்றில் எதைக் கேட்பது? சேசர் என்ற அமெரிக்க 'பார்டர் காலி' இன நாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றது, 2011இல் ஆய்வாகவே வெளிவந்தது. அதுவும் ஒரு பொம்மைக்கு ஒரு பெயர் என்று தினமும் சொல்லிக்கொடுத்துத்தான். எங்கள் வீட்டில் கடைசியில் அம்மிச்சியின் சொல்லே நின்றது.

கிழட்டு நாய்க்கு எதற்கு இதெல்லாம் என்று விட்டுவிடாதீர்கள். கண் மங்கிய நாயும் மூக்கால் தேடும். ஆனால் திடீரென்று ஒரே இடத்தில் சுற்றுவது, எந்நேரமும் வாலைத் துரத்துவது என்றிருந்தால் விளையாட்டில் சரிசெய்யப் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மணி அதற்குப் பிறகு குழாயை ஒரே ஒரு தடவைதான் கடித்தான். ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு நாள் போயிருந்தோம். சோறு வைக்க ஆள் சொல்லியிருந்தேன், தொட்டி வைக்கச் சொல்லவில்லை.