பசில் கேமில் குறுக்கு வழிகளை அடைப்பது: புதுச்சேரித் தெருக்களில் ஒரு லெவல்

புதுச்சேரியின் பழைய நகரம் கட்டம் போட்ட தாள் போலவே இருக்கும். நேர்நேரான தெருக்கள், நடுவில் வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால், கிழக்கே கடற்கரை. பெட்டி தள்ளும் கேம் செய்து பழக அருமையான வரைபடம் இது. 1982இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபான் வகைதான்: பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது.

நம் லெவல் இப்படி. வாய்க்காலுக்கு மேற்கே பிளேயர், இரண்டு பெட்டிகள், ஒரு பொத்தான். கிழக்குக் கரையை ஒரு சுவர் வடக்குப் பாதி, தெற்குப் பாதி என்று பிரிக்கிறது. சுவரில் ஒரு கதவு. தெற்குப் பாதியில் 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். அங்கே போய்ச் சேர வேண்டும். பொத்தான் மேல் பெட்டி இருக்கும்வரை கதவு திறந்திருக்கும். வாய்க்காலில் தள்ளிய பெட்டி பாலமாகிவிடும்.

முதல் படி: பிளேயர் எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இங்கே, "ஒரு பெட்டி கதவுக்கு, இன்னொன்று பாலத்துக்கு." இதை எழுதாவிட்டால் எது குறுக்கு வழி (நீங்கள் நினைத்த புதிரைத் தீர்க்காமலே லெவலை முடிக்கும் வழி), எது சாமர்த்தியம் என்று பிரிக்கவே முடியாது.

இரண்டாம் படி: லெவலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தொடாமல் முடிக்கப் பாருங்கள். பொத்தானை விட்டுவிட்டால்? பெட்டியைத் தெற்கே கொண்டுபோய் அங்கே வாய்க்காலில் தள்ளினால் போதும். பாலம் நேராகத் தெற்குப் பாதியில் இறங்குகிறது. கதவு வீண், இன்னொரு பெட்டியும் வீண்.

மூன்றாம் படி, அடைப்பது. இதில்தான் நிதானம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சுவரை வைக்காதீர்கள். வாய்க்காலில் விழும் பெட்டி பாலமாகும் என்று கற்றுக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் ஆகாது என்றால், பிளேயர் அப்புறம் எந்த விதியையும் நம்பமாட்டார். விதியையே மாற்றினாலோ மற்ற லெவல்கள் உடையும். எனவே வரைபடத்தை மாற்றுங்கள். தெற்குப் பாதியில் மேற்குக் கரையை ஒட்டிய கட்டங்களில் வீடுகளை வரிசையாக வைத்தால், அங்கிருந்து பெட்டியை வாய்க்காலுக்குள் தள்ள இடமே இல்லை. 2007இல் வந்த போர்ட்டல் என்ற பசில் கேமில் அறை வாசலில் ஓர் ஒளித்திரை இருக்கும். அதைக் கடந்தால் கையிலுள்ள பெட்டி அழிந்துவிடும். தடைதான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தடை.

நான்காம் படி: கணினியைத் தேட விடுங்கள். 8×8 கட்டத்தில் ஒரு பிளேயரும் இரண்டு பெட்டிகளும் நிற்கக்கூடிய நிலைகள் சுமார் 1,25,000தான். தொடக்க நிலையிலிருந்து ஒரு நகர்வில் எட்டும் நிலைகள், பிறகு இரண்டு நகர்வில் எட்டுபவை என்று அடுக்கடுக்காகத் தேடும் சிறு நிரல் போதும். அது தரும் விடை நீங்கள் நினைத்ததைவிடக் குறுகியதாக இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

பிசிக்ஸ் உள்ள, அதாவது பொருள்களின் வேகத்தையும் மோதலையும் கணக்கிடும் கேமில் வேறு வகை ஓட்டையும் வரும். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி வழக்கமாக 0.02 நொடிக்கு ஒருமுறைதான் மோதலைப் பார்க்கிறது. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும் சிறு பொருள் அதற்குள் 1 மீட்டர் தாண்டிவிடும். அரை மீட்டர் சுவரை ஊடுருவிப் போகலாம். சுவரைத் தடிமனாக்குங்கள், அல்லது அந்தப் பொருளின் ரிஜிட்பாடியில் (அதன் இயக்கத்தைக் கணக்கிடும் பகுதி) கொலிஷன் டிடெக்‌ஷனை கன்டினியூவஸ் (இடையில் கடக்கும் பாதையிலும் மோதலைப் பார்ப்பது) என்று மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: வேறொருவரிடம் விளையாடக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் கண்டுபிடிக்கும் எல்லா வழியையும் அடைக்க வேண்டியதில்லை. முதல் படியில் எழுதிய வாக்கியத்தைப் புரிந்துகொண்டு வேறு வழியில் போனால் அது அவருடைய திறமை, விட்டுவிடுங்கள். அந்த வாக்கியத்தையே தாண்டிப் போனால் மட்டும் அடையுங்கள்.

அடைத்த ஒவ்வொரு குறுக்கு வழியின் நகர்வுகளையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். லெவலில் ஒரு கட்டத்தை மாற்றினாலும் அவற்றை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நீங்கள் நினைத்த விடை இன்னும் வேலை செய்கிறதா என்பதையும் கூடவே சரிபாருங்கள்.