லடாக் வறண்ட மேட்டில் தனி நடை: தண்ணீர்க் கணக்கு

லடாக்கில் ரும்ட்சேயில் கிளம்பி, த்சோ கார் ஏரி வழியாக, த்சோ மொரிரி ஏரிக் கரையிலுள்ள கோர்சோக் கிராமத்தில் முடியும் நடைக்கு ஏழு நாள் ஒதுக்க வேண்டும். தொடக்கமே ஏறக்குறைய 4,200 மீட்டர். கணவாய்கள் பலவும் 5,000 மீட்டரைத் தாண்டுகின்றன. நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. எங்கே கூடாரம் போடுவது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். தனியாகப் போகிறவருக்குக் கடன் கேட்கவும் ஆள் இல்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நடக்கும்போது 3, சமையலுக்கும் இரவுக்கும் 2. குளிரில் தாகம் தெரியாது. ஆனால் காய்ந்த காற்றில் ஒவ்வொரு மூச்சோடும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாக மாறினால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். மலைநோய்க்கு (உயரத்தில் பிராணவாயு குறைவதால் வரும் தலைவலி, வாந்தி) டயமாக்ஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் கூடுதலாகப் போகும், அதனால் இன்னும் அரை லிட்டர் சேர்த்துக் குடியுங்கள். அந்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். லடாக்கின் முக்கிய நகரமான லேயில் இரண்டு மூன்று நாள் ஓய்வெடுக்காமல் மேலே கிளம்பவும் வேண்டாம்.

பாத்திரக் கொள்ளளவு 6 லிட்டர் இருக்கட்டும்: அகன்ற வாய் உள்ள ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, மடக்கும் இரண்டு லிட்டர் பை இரண்டு. எப்போதும் ஆறையும் நிரப்பிச் சுமக்கத் தேவையில்லை, ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அடுத்த ஓடை கண்ணுக்குத் தெரியும் நாளில் 2 லிட்டர் போதும். அடுத்த தண்ணீர் உறுதியில்லாத நாளில் மட்டும் முழுதாக நிரப்புங்கள். உறிஞ்சுகுழாய் வைத்த பை இங்கே உதவாது. காலையில் முதலில் உறைவது அந்தக் குழாய்தான்.

த்சோ காரை அடையும் அன்றுதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய ஏரிதானே, தண்ணீருக்கா பஞ்சம் என்று காலிப் பாட்டிலோடு இறங்குகிறார்கள். அது உப்பு ஏரி. இங்கே கால்நடை மேய்க்கும் நாடோடிகளான சாங்பா மக்கள் ஒரு காலத்தில் அதன் கரையில் உப்பு அள்ளித் திபெத்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் உப்பு போகாது. தெற்கே இருக்கும் ஸ்டார்ட்சபுக் த்சோ நன்னீர் ஏரி. கரையில் வெள்ளைப் படலம் பூத்திருக்கும் எந்த நீரையும் முதலில் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பசும்புல் திட்டும் சாங்பா கூடாரங்களும் தெரியும் பக்கம் நல்ல தண்ணீர் இருக்கும். கூடாரத்தை நெருங்கும்போது தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள், காவல் நாய்கள் பாய்ந்து வரும்.

பனி உருகி ஓடும் ஓடைகளுக்கு நேரம் உண்டு. விடியலில் நீர் குறைவு, பிற்பகலில் வேகமும் சேறும் கூடும். கடப்பதற்குக் காலை நல்லது. ஆனால் மாலையில் ஓடிய சின்ன வாய்க்கால் காலையில் உறைந்து நின்றுவிடும். ஆகவே கூடாரம் அடிக்கும் முன்பே எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பிவிடுங்கள். கலங்கலாக இருந்தால் ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலாக எடுத்து வடிகட்டுங்கள். இல்லையென்றால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

மேய்ச்சல் நிலம் என்பதால் ஓடை நீரை அப்படியே குடிக்கக் கூடாது. நுண்குழல் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே இழைகள் விரிசல்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. தண்ணீர் முன்போலவே வரும், கிருமியும் கூடவே வரும். பகலில் சட்டைக்குள்ளும் இரவில் தூக்கப் பைக்குள்ளும் வைத்திருங்கள். உறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்தாலே அதை ஒதுக்கிவிட்டுக் கொதிக்க வையுங்கள். 4,500 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதிக்கும். முழுதாகக் கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுங்கள், போதும்.

அந்த 85 டிகிரியில் துவரம்பருப்பு வேகாது, அரிசியும் நடுவில் கடிக்கும். அவல், வறுத்த ரவை, சத்துமாவு, பொட்டுக்கடலை மாவு எல்லாம் இங்கே கைகொடுக்கும், எரிவாயுவும் மிச்சமாகும். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, லேயில் வாங்குங்கள். ராத்திரி அதையும் தூக்கப் பைக்குள் வையுங்கள், குளிர்ந்த குப்பி காலையில் சுடரே தராது.

படுக்கும் முன் ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்துக் காலடியில் வையுங்கள். காலையில் குடிக்கவும் ஆகும். வெளியே இருக்க வேண்டிய பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். பனிக்கட்டி மேலே மிதந்து அடிப்பக்கம் கட்டிக்கொள்ளும், மூடி திறக்க வரும். பனியை உருக்குவதானால் பாத்திரத்தில் முதலில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சிறிது சிறிதாகப் போடுங்கள். வெறும் பனியைப் போட்டால் அடி கருகி, தண்ணீரில் தீய்ந்த வாடை ஏறும்.

வழியில் கைபேசியை நம்ப முடியாது. தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லேயிலேயே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அனுமதியில்லாத செயற்கைக்கோள் தொலைபேசி இந்தியாவில் சட்டவிரோதம். அதனால் தங்கும் விடுதியில் வழித்தடத்தையும், எந்த நாளுக்குள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

த்சோ கார் அருகே துக்ஜே கிராமம் இருக்கிறது, அங்கே சாலை உண்டு. அதைத் தாண்டினால் கோர்சோக் வரை வண்டி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். தலைவலி விடாமல் இருந்தாலோ, வாந்தி வந்தாலோ, வடிகட்டி போய் எரிவாயுவும் அரைக்குப்பிக்குக் கீழே இறங்கியிருந்தாலோ துக்ஜேயிலேயே வண்டி பிடித்து இறங்கிவிடுங்கள்.