பட்டாளத்துக்காரர் கதையைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், "பொங்கல் லீவுல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

உட்கார்ந்ததும் "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்று கேட்கவே கூடாது. பிள்ளைகள் ஆசையில் கேட்டுவிடுகிறார்கள்; பலர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். செலக்‌ஷனுக்கு எங்கே போய் நின்றார், வீட்டில் யார் அழுதார்கள், லங்கரில் (பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்) தினமும் சப்பாத்தி தின்று எப்படிச் சமாளித்தார், ஹவில்தார் இந்தியில் கத்தியது எப்போது புரிய ஆரம்பித்தது என்று தொடங்குங்கள். போர் தானாக வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இலங்கைக்குப் போய் வந்தவரிடம் இன்னும் நிதானம் வேண்டும். 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து திரும்பிய இந்திய அமைதிப்படை நம் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்றுவிட்டுத் திரும்பிய தமிழ்ச் சிப்பாயிடம் சரியா தப்பா என்று வாதாடுவது கொடுமை. கண்டதை அவர் சொல்லட்டும்.

நடுவில் தேதியைத் திருத்தாதீர்கள். 65 போரையும் 71 போரையும் கலந்து சொன்னால், டிஸ்சார்ஜ் புக்கை (பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது தரும் புத்தகத்தை) பார்த்து அப்புறம் குறித்துக்கொள்ளலாம். எழுதும்போது அவர் பேச்சை மேடைத்தமிழாக மாற்றவும் வேண்டாம்.

வீட்டம்மாவை டீ போட அனுப்பிவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கடிதம் வராத மாதங்களில் ரேடியோ செய்தியைக் கேட்டுக்கொண்டு, மணியார்டர் வரும்வரை கடன் வாங்கிக் குடும்பத்தை ஓட்டியவர் அவர்தான். தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். கணவர் எதிரில் "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிடுவார்.

அடுத்து, ட்ரங்குப் பெட்டி. மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் விளிம்பில் ஆர்மி நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க மங்கிவிடும். கடிதங்களை லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. உறையில் '56 ஏ.பி.ஓ.', '99 ஏ.பி.ஓ.' என்பது போல ராணுவத் தபால் நிலைய எண்தான் முகவரியாக இருக்கும், அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கிருந்து எழுதினார் என்று இப்போதே கேட்டு, தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். போட்டோவின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனா கூடாது; பென்சிலால் மெதுவாக எழுதலாம். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெரு என்றால் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கக் கூடாது, பரண்தான் அதற்கு இடம்.

போனில் பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்துங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் சாலைப் பக்க ஜன்னலையும் சாத்திவிடுங்கள். பதிவை இரண்டு இடத்தில் சேமியுங்கள், வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

ஃபேமிலி குரூப்பில் போடுவதற்கு முன் அவருக்கே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். "இத எடுத்துடுப்பா" என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். போரில் இறந்த நண்பனின் பெயர் வந்தால் அந்த வீட்டாரையும் கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.