திருப்பிப் பார்க்காமல் வாங்கிய தலைசாமான்

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களின் பையில் பெரும்பாலும் மூன்று பொருள்கள் இருக்கும்: பெயர் எழுதிய சங்கு, சோழி மாலை, வண்ண மணல் பொட்டலம். "அந்த ஊர்க் கைவேலை" என்று வீட்டில் எடுத்துக் காட்டுவார்கள். அதே மாலை ராமேஸ்வரத்திலும் சரம் சரமாகத் தொங்குகிறது. கூட்டம் கூடும் தெருவில்தான் கைவினைஞரும் இருப்பார் என்று நினைப்பது முதல் தவறு. இந்த மாவட்டத்தில் அவர் பெரும்பாலும் கடற்கரையில் இல்லை. கோயில் நகை செய்யும் நாகர்கோவில் வடசேரியிலும், பூமாலை கட்டும் தோவாளையிலும், கல் செதுக்கும் மயிலாடியிலும் வேலையில் இருக்கிறார்.

கடல்பொருள் வாங்குவதில் சட்டச் சிக்கலும் உண்டு. பவளத் துண்டு, கடல் விசிறி, கடல்குதிரை, சில வகைச் சிப்பிகள் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. செத்துக் காய்ந்ததுதானே என்ற சமாதானம் எடுபடாது. எந்த வகை என்று தெரியாத சிப்பியை வாங்காமல் வருவது நல்லது.

இனி நகைக்கு வருகிறேன்; அடிபட்ட இடம் அதுதான். அக்கா மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்காக ஒரு திருவிழாக் கடையில் தலைசாமான், அதாவது ஆடுகிறவர்கள் தலையில் அணியும் நகை, வாங்கினேன். "அசல் வடசேரி வேலை" என்றார் விற்றவர். சிவப்புக் கற்களின் பளபளப்பில் மயங்கிவிட்டேன், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படி பாதியில் இருக்கும்போது இரண்டு கற்கள் மேடையில் உருண்டன. பிறகு வடசேரியில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் முதலில் செய்த காரியமே அதைக் கவிழ்த்துப் பார்த்ததுதான். "அச்சில் வார்த்து, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் தம்பி" என்றார்.

நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கல்லை வைத்து, சுற்றிலும் தங்க ரேக்கை (மெல்லிய தகட்டை) அழுத்திப் பதிப்பது பழைய முறை. கையால் பதித்த கற்களின் விளிம்பில் சிறு வேறுபாடு தெரியும். எல்லாம் அச்சடித்ததுபோல ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்படலாம். செம்பில் செய்து முலாம் பூசியதும் சந்தையில் இருக்கிறது. அது குற்றமில்லை, விலையும் குறைவு. ஆனால் என்ன உலோகம் என்று கேட்காமல் வெள்ளியின் விலையைக் கொடுத்துவிட்டு வருவது நம் தவறுதானே? இன்னொன்று: மார்கழிக் கச்சேரி நெருங்கும்போது ஓடிப்போய் ஒட்டியாணம் கேட்காதீர்கள். கைவேலைக்கு நாள் பிடிக்கும்.

தோவாளை மாணிக்க மாலைக்கும் இதே கணக்கு. 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு தேடி வருகிறவர்கள் அதிகம். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து, பட்டையாகத் தொடுக்கும் வேலை அது. பூச்சந்தை விடியுமுன்பே விழித்துக்கொள்ளும் ஊரில் மதியம் போய் நின்று "ஒரு மாலை கொடுங்கள்" என்றால் எப்படிக் கிடைக்கும்? முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

திருவிழாக்களுக்குப் போகிறவர்கள் பெரிய நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுசீந்திரம் தேரன்றும், மண்டைக்காட்டுக் கொடையின் கடைசி நாளிலும், கோட்டாறு சவேரியார் திருவிழா நிறைவு பெறும் டிசம்பர் 3 அன்றும் கால் வைக்க இடம் இருக்காது. ஓலைப்பெட்டி பின்னுகிறவரிடம் நின்று பேச முடியுமா? ஆரம்ப நாள்களில், வெயில் ஏறுமுன் போங்கள். திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்று பெயரிலேயே கிழமையை வைத்திருக்கும் ஊர்களும் இங்கே உண்டு. பெயரை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாமல், சந்தை நாளை உள்ளூரில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

பேரம் பேசுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் நாகர்கோவிலில் தொடங்கிவைத்தது லேஸ் பின்னல். நாள்கணக்கில் பின்னிய லேஸை மில் லேஸின் மீட்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாதிக்குக் கேட்பது எனக்குப் பிடிக்காது. எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள், அதன்பிறகும் விலை அதிகமாகத் தோன்றினால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். அதைவிட மோசமானது, மாதிரியைப் படம் எடுத்துக்கொண்டு போய் வேறு ஒருவரிடம் மலிவாகச் செய்யச் சொல்வது.

வாங்கியதும் செய்தவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல் உதிர்ந்தால், பின்னல் அவிழ்ந்தால், சரிசெய்யத் தெரிந்தவர் அவர்தான். என் தலைசாமானுக்கு அந்த எண் இல்லை. அது இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.