என்கிளெக்ஸ் மறுதேர்வு: டூட்டிக்கு நடுவே படிப்பு நின்றுபோகாமல் இருக்க

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டே, அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்குவதற்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வை எழுதித் தவறவிட்டு, மறுபடி எழுதித் தேறியவள் நான். "எப்படிக்கா மனசு விடாம படிச்சீங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் இங்கே மொத்தமாக. எந்த மாநில நர்ஸிங் போர்டில் விண்ணப்பிப்பது, ஏடிடி (தேர்வு எழுத வரும் அனுமதிக் கடிதம்) என்றால் என்ன என்பதெல்லாம் ஒருமுறை எழுதியவருக்குத் தெரியும். அதைத் தாண்டிப் போகிறேன்.

ஊக்கப் பேச்சு வீடியோக்களை விட்டுவிடுங்கள். பார்க்கும்போது ரத்தம் கொதிக்கும், மறுநாள் டூட்டி முடிந்து வந்தால் கட்டில்தான் தெரியும். நேற்று தெரியாதது இன்று தெரிகிறது என்பதை நோட்டில் கண்ணால் பார்த்தால்தான் நாளைக்கும் உட்காரத் தோன்றும். கீழே சொல்வதெல்லாம் அந்த நோட்டை நிரப்புகிற வேலைதான்.

1. ரிப்போர்ட்டை எடுத்துப் படியுங்கள்

தவறியவர்களுக்கு கேண்டிடேட் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட் வரும். பலர் அதைத் திறப்பதே இல்லை, பார்த்தால் அழுகை வருமாம். ஒவ்வொரு பகுதிக்கும் 'அபவ்', 'நியர்', 'பிலோ' (தேர்ச்சி அளவுக்கு மேலே, பக்கத்தில், கீழே) என்று மூன்றில் ஒன்று போட்டிருப்பார்கள். 'பிலோ'வில் இருப்பதை முதல் வாரமே தொடங்குங்கள். 'அபவ்' பகுதிகளை வாரம் ஒருமுறை தொட்டால் போதும். அனாட்டமியிலிருந்து மறுபடி முதல் பக்கம் திறப்பவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். தெரிந்ததையே படித்தால் யாருக்கும் சலிக்கும்.

2. தேதி போடுங்கள்

இரண்டு தேர்வுக்கு நடுவே குறைந்தது 45 நாள் இடைவெளி வேண்டும். சில போர்டுகள் கூடுதலாகவும் கேட்கும். பதிவுக் கட்டணம் 200 டாலர், வெளிநாட்டு மையத்துக்கு மேலே 150 டாலர், வரி தனி. நம் சம்பளத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால் ரோஷத்தில் 46ஆம் நாளுக்கே பதியாதீர்கள். தேதியே போடாமலும் இருக்காதீர்கள், அப்படி இருந்தால் மாம்பழ சீசன் முடிந்து அடுத்த சீசனும் வந்துவிடும்.

தேதியை வீட்டில் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பெரியம்மா "அமெரிக்கா பரீட்சை என்னாச்சு?" என்று கேட்டால் அன்றைய படிப்பு போச்சு.

3. நோட்டு

பயிற்சிக் கேள்விகள் தரும் ஆப், அதாவது கேள்வி வங்கி, ஒன்று போதும். என் ஓட்டு யூவேர்ல்டுக்கு, அதன் விளக்கங்களுக்காகவே. நாலு ஆப் வாங்கி நாலிலும் கால்வாசி முடிப்பது வீண். டெலிகிராமில் சுற்றும் 'வந்த கேள்விகள்' குழுக்களை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அது தேர்வு விதிக்கே விரோதம், விடைகளும் பாதி தப்பு.

நாளுக்கு 20 கேள்வி. தப்பானதையும், குருட்டாம்போக்கில் சரியானதையும் நோட்டில் மூன்று தலைப்பில் எழுதுங்கள்: விஷயமே தெரியாதது, தெரிந்தும் மாற்றிப் போட்டது, கேள்வியை ஒழுங்காகப் படிக்காதது. மூன்றாவது தலைப்புதான் முதலில் குறையும். அது குறைவதைப் பார்க்கும்போது வருகிற தெம்பு வேறு எதிலும் வராது. ஆப் காட்டும் சதவீதத்தைத் தினமும் பார்க்காதீர்கள். அது ஏறும் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பாருங்கள்.

மருந்துப் பெயர்களுக்குக் கடைசிப் பக்கம். நாம் சொல்லும் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின், கிளிபென்கிளமைடு கிளைபுரைடு. இதைத் தெரியாமல் மார்க் விட்டால் மகா எரிச்சல்.

4. யாரை முதலில் பார்ப்பது?

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான், எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேரையும். தேர்வில் பெரிய பங்கு 'மேனேஜ்மென்ட் ஆஃப் கேர்' பகுதிக்கு, அதாவது யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்பது போன்றவற்றுக்கு. அதில் நம் வார்டு அனுபவமே நமக்கு எதிரி.

ஒரு கேள்வி. நான்கு நோயாளிகள். ஒருவருக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் நோய்), ஆக்சிஜன் அளவு 90. இன்னொருவர் சர்க்கரை 180. மூன்றாமவர் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனவர், வலி பத்துக்கு ஆறு. நான்காமவருக்கு நேற்று தைராய்டு ஆபரேஷன், உதட்டைச் சுற்றி மதமதப்பு என்கிறார். யாரிடம் முதலில் போவீர்கள்?

நம் வார்டில் பதில் சுலபம்: எந்தப் பெட்டில் அட்டெண்டர் கத்துகிறாரோ அங்கே. வலிக்காரரின் மாமா நம் பின்னாலேயே வந்து நிற்பார். தேர்வில் மாமாக்கள் கிடையாது. சிஓபிடிக்கு 90 எதிர்பார்த்த அளவு. ஆபரேஷன் ஆனவருக்கு வலியும் எதிர்பார்த்தது. சர்க்கரை காத்திருக்கும். தைராய்டு எடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பி பாதித்து கால்சியம் இறங்கினால் உதடு மதமதக்கும், அடுத்து குரல்வளை இறுகி மூச்சே அடைக்கலாம். சத்தமே போடாத அவர்தான் விடை. ஒவ்வொரு விடைத் தேர்வுக்கும் பக்கத்தில் "இது எதிர்பார்த்ததா, புதிதா?" என்று மனசுக்குள் கேளுங்கள். இந்த ஒரு பழக்கம் நோட்டின் இரண்டாம் தலைப்பை வேகமாக இறக்கியது.

அடுத்த சிக்கல், வேலையைப் பிரித்துக் கொடுப்பது. அங்கே ஆர்என்னுக்கு (பதிவுபெற்ற நர்ஸ்) கீழே எல்பிஎன் (அவருக்கு அடுத்த நிலை நர்ஸ்), அதற்கும் கீழே யுஏபி (நர்ஸ் அல்லாத உதவியாளர்). நமக்கு எல்பிஎன் என்ற ஆளே பழக்கமில்லை. யுஏபியை நம் ஆயாம்மாவாக நினையுங்கள்: குளிப்பாட்டுவது, நிலையாக இருப்பவரை நடக்கவைப்பது, அவருக்கு பிபி பார்ப்பது, யூரின் அளவு குறிப்பது. எல்பிஎன் என்றால் நிலையான நோயாளிக்கு மாத்திரை கொடுப்பார், டிரெஸ்ஸிங் மாற்றுவார். முதல் அசெஸ்மென்ட், முதன்முறை சொல்லிக்கொடுப்பது, கொடுத்த சிகிச்சை பலித்ததா என்று தீர்மானிப்பது, இவற்றை யாருக்கும் தரக்கூடாது.

"டாக்டருக்குத் தகவல் சொல்" என்ற விடையைப் பார்த்ததும் கை தானாகப் போகும். நிறுத்துங்கள். அதற்கு முன் நர்ஸ் பார்க்க வேண்டியதோ செய்ய வேண்டியதோ விடைகளில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

5. நைட் டூட்டி

காலையில் வந்ததும் படிக்காதீர்கள். தூங்கி எழுந்து, நாலு மணிக்கு டீ குடித்துவிட்டு அந்த 20. தொடர் நைட் வாரத்தில் பத்தாகக் குறையுங்கள், பூஜ்யமாக்காதீர்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறீர்களா? போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்வாருங்கள். திட்டத்திலேயே எழுதிய லீவு குற்ற உணர்ச்சி தராது.

பிறகு சேர்த்தது

தர்மபுரியிலிருந்து ஒரு தங்கை கேட்டாள்: நர்ஸிங் கவுன்சில் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. எதைக் கொடுப்பது? ஏடிடியில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பதிவுசெய்யும்போதே பாஸ்போர்ட்டைப் பார்த்து அடியுங்கள்.

தேர்வு மையம் சென்னையிலும் உண்டு, பெங்களூருவிலும் உண்டு. நமக்குப் பெங்களூருதான் பக்கம். ஆனால் காலை ஸ்லாட்டுக்கு அன்றே கிளம்பாதீர்கள், ஓசூர் ரோட்டு நெரிசலை நம்ப முடியாது. முந்தின நாளே போய்த் தங்குங்கள்.

குறைந்தபட்ச எண்ணிக்கையான 85 கேள்வியைத் தாண்டினால் ஃபெயிலா என்று இன்னும் கேட்கிறார்கள். இல்லை. தேறுவாரா மாட்டாரா என்று கம்ப்யூட்டருக்கு இன்னும் தீர்மானமாகவில்லை, அவ்வளவுதான். 150 வரை போகும், மொத்தம் ஐந்து மணி நேரம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பிரேக் தருவார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்றாலும் எழுந்து போங்கள், லாக்கரில் ஒரு வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் வைத்துவிட்டு உள்ளே போயிருங்கள்.